ஜூன் மாதம், இரண்டு வாரம்

மகன் வீட்டுக்கு எப்போது போவது, எத்தனை நாள் இருப்பது என்பதில் லாண்ட்ரியம்மாவுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. பின்லாந்தில் மே மாதக் கடைசியில்தான் மனுஷன் வெளியே தலைகாட்ட முடியும், அப்புறம் இரண்டு மாதத்துக்குச் சூரியன் வீட்டுக்குப் போக மனசில்லாத விருந்தாளி மாதிரி வானத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்று மகன் ஒருமுறை சொல்லியிருந்தான். ஆகவே மே கடைசியில் போவது, ஜூலை கடைசியில் திரும்புவது. கடையை ஆவி பார்த்துக்கொள்வான். ஆவி என்பது கடையில் இஸ்திரி போடுகிறவனின் பெயர். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பதால் வந்த பெயர் என்றாலும், சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று ஆளைத் தூக்கிவாரிப்போட வைக்கும் பழக்கத்துக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

கணவர் வருவதாக இல்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தான் ஓட்டாத வண்டியில் ஏறுவதில்லை என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து கொள்கையாக வைத்திருந்தார்.

"பிளேனை என்னை ஓட்ட விடுவானா? விட மாட்டான்ல. அப்ப நீ மட்டும் போயிட்டு வா," என்று சொல்லிவிட்டார்.

இப்படி எல்லாம் முடிவாகியிருந்த நேரத்தில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் மருமகள் சொன்னாள்: "அத்தை, நீங்க ஜூன் மாசம் வாங்க. ரெண்டு வாரம் இருக்கற மாதிரி டிக்கெட் பார்க்கறேன்."

"ரெண்டு வாரமா?"

"ரெண்டு வாரம் போதும் அத்தை. அதுக்குள்ள எல்லாத்தையும் பார்த்துடலாம்."

நான் பார்க்க வருவது என் பிள்ளையை, எல்லாத்தையும் இல்லை என்று நாக்கு நுனி வரை வந்ததை லாண்ட்ரியம்மா விழுங்கினாள். "அவன்கிட்ட குடு," என்றாள்.

மகன் வந்தான். குரல் மட்டும்தான் வந்தது. கேமரா ரிப்பேர் என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போனைப் பிரித்துப் பூட்டுகிற படிப்புப் படித்தவன் வீட்டில் ஒரு கேமரா ஒரு மாதமாக ரிப்பேர்.

"அவ சொல்ற மாதிரியே வாம்மா."

"ஏன், உனக்கு லீவு இல்லையா? ஜூன்னா ஜூன்ல எப்ப? மே மாசம் வந்தா என்ன ஆகும்? ரெண்டு வாரம்னு யார் முடிவு பண்ணினது?"

"அம்மா, அப்பறம் பேசறேன்."

போன் வைக்கப்பட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த கணவர், "என்னவாம்?" என்றார்.

"என்னமோ இருக்கு."

"எங்க?"

"அங்கதான். ரெண்டு வாரம்கறது விருந்தாளிக்கு. பெத்தவளுக்கு எவளாவது ரெண்டு வாரம் குடுப்பாளா?"

லாண்ட்ரியம்மாவின் சந்தேகம் பிறவிக்குணம் என்று சொல்லிவிட முடியாது. பாதி தொழில் கொடுத்தது. துணியில் பட்ட கறை என்ன கறை என்று தெரிந்தால்தான் அதற்கான மருந்தைப் போட முடியும். அதனால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் கறையைப் பற்றி இந்த உலகத்தில் ஒருவரும் உண்மை பேசுவதில்லை. "என்ன பட்டுச்சு?" என்றால் "ஒண்ணுமில்லையே, தண்ணிதான்" என்பார்கள். "எப்ப பட்டுச்சு?" என்றால் "இப்பத்தான்" என்பார்கள். அது போன மாதத்தில் பட்ட ஒயினாக இருக்கும். அவள் விடாமல் கேட்பாள். எப்ப, எங்க, யார் வீட்ல, பட்டதும் என்ன போட்டுத் தேய்ச்சீங்க. நாலாவது கேள்வியில் உண்மை வந்துவிடும். இருபத்தைந்து வருஷமாக அப்படிக் கேட்டுக் கேட்டு, கடை மூடிய பிறகும் வாய் மூடாமல் போய்விட்டது.

அடுத்த நாளே சம்பந்திக்குப் போன் போட்டாள். மருமகளின் அம்மா நாலைந்து தெரு தள்ளித்தான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்; கணவர் இறந்து பல வருஷம் ஆயிற்று. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா.

"சம்பந்தி, நீங்க எப்ப போறதா இருக்கீங்க? ஒரே நேரத்துல ரெண்டு பேரும் போனா அந்த வீட்ல நிக்கக்கூட இடம் இருக்காதே, அதான் கேட்டேன்."

"நானா?" நர்ஸம்மா கொஞ்சம் இழுத்தாள். "நான் இப்ப எங்க போறது. முதல்ல இந்த முட்டி ஒத்துழைக்கட்டும்."

அந்தக் கொஞ்ச இழுப்பு லாண்ட்ரியம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. தண்ணிதான் என்று சொல்வதற்கு முன்னால் வாடிக்கையாளர்கள் இழுக்கும் அதே அளவு.

இரண்டு வாரம் கழித்துக் கோட்டு வந்தது.

பூங்காவுக்கு எதிரில் இருக்கும் சின்ன லாண்ட்ரியில் ட்ரை கிளீனிங் மெஷின் கிடையாது. கம்பளி, பட்டு மாதிரி சங்கதிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி இவள் கடைக்குத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு வந்த மூட்டையை ஆவி பிரித்துப் போட்டபோது, நடுவில் அரக்கு நிறத்தில் ஒரு நீளக் கோட்டு கிடந்தது. லாண்ட்ரியம்மா அதைத் தூக்கிப் பிடித்தாள். மேல் பொத்தான் மட்டும் கறுப்பு. அந்தப் பொத்தானைத் தைத்ததே அவள்தான்.

பிள்ளைகள் இரண்டு பேரும் பின்லாந்துக்குக் கிளம்பிய வருஷம், தள்ளுபடி விற்பனையில் சம்பந்திகள் இருவரும் ஜோடியாகப் போய் ஒரே மாதிரி கோட்டு வாங்கினார்கள். இவளுக்குச் சாம்பல் நிறம், நர்ஸம்மாவுக்கு அரக்கு. இந்த ஊர்க் குளிருக்கு அதைப் போட்டால் வெந்துபோய்விட வேண்டியதுதான். ஒருநாள் போவோமே என்று வாங்கி வைத்தது.

"ஏன் ஆவி, நம்ம கடை இருக்கறப்ப இவங்க எதுக்குப் பூங்காக் கடையில குடுக்கணும்?"

"பக்கம்னு குடுத்திருப்பாங்க அக்கா."

"அவங்க வீட்லேருந்து நம்ம கடைதான் பக்கம்."

ஆவி நீராவிக்குள் மறைந்துவிட்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் லாண்ட்ரியம்மாவின் மனசில் எல்லாம் கோர்த்துக்கொண்டது. நவம்பரில் கம்பளிக் கோட்டு சலவைக்குப் போகிறதென்றால் டிசம்பரில் பயணம். முட்டிவலிக்காரி, இருட்டும் பனியுமாக யாருமே போகாத காலத்தில் எதற்காகப் போகிறாள்? மருமகள் முழுகாமல் இருக்கிறாள். பெற்றவளிடம் சொல்லியாயிற்று, மாமியாரிடம் சொல்லவில்லை. பிரசவத்துக்கு அம்மா. எல்லாம் முடிந்து வீடு துடைத்து வைத்த பிறகு, ஜூன் மாதம் மாமியார் இரண்டு வாரம் வந்து எட்டி நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கணவரிடம் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"கோட்டு வெளுக்கப் போட்டா கர்ப்பமா? அப்ப உன் கடைக்கு வர்ற கோட்டுக்கெல்லாம் கணக்குப் பார்த்தா, இந்த ஊரே ஆஸ்பத்திரியில இடம் பத்தாம நிக்கணும்."

"நீங்க சிரிங்க. நாளைக்குப் பேரனை போட்டோவுல பார்க்கறப்ப தெரியும்."

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கும் உள்ளூர ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் கடையை ஆவியிடம் விட்டுவிட்டு, ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனாள். நேராகக் கேட்டுவிடக் கூடாது, தானாக வாயிலிருந்து வரட்டும் என்பது திட்டம். நர்ஸம்மா கதவைத் திறந்ததும் முகத்தில் ஒரு கணம் திகைப்பு ஓடி மறைந்தது. "வாங்க வாங்க," என்று கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.

லாண்ட்ரியம்மா கண்ணை ஓட்டினாள். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி சுத்தமான ஹால். படுக்கையறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. இடுக்கில் திறந்து கிடந்த பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. காலடிச் சத்தம் கேட்காமல் எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். குழந்தைத் துணியைத் தேடியது கண். ஒரு சின்னத் தொப்பிகூட இல்லை. பெட்டிக்குள் இருந்தது ஆண்கள் போடும் தடித்த கம்பளிக் காலுறைகள். புதுச் சீட்டுக்கட்டு ஒன்று. அப்புறம், உறை பிரிக்காத ஷேவிங் செட்.

அவள் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள். தனியாக வாழும் பெண்பிள்ளையின் பெட்டியில் ஷேவிங் செட்டா? ஒரு கணம் அவள் கற்பனை போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்தது. சீட்டுக்கட்டு வேறு.

"பெட்டியெல்லாம் எடுத்து வெச்சிருக்கீங்க போலிருக்கே?" என்றாள் காப்பியை வாங்கிக்கொண்டு.

நர்ஸம்மாவின் கை நிதானமாகத்தான் இருந்தது. "அக்கா வீட்டுக்குப் போலாம்னு இருக்கேன். ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

"அக்கா வீட்ல குளிர் அதிகமோ?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்."

இரண்டு பேரும் காப்பியைக் குடித்தார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. சம்பந்திகள் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் காப்பி குடித்தால் என்ன அர்த்தம் என்று லாண்ட்ரியம்மா தெருமுனை வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

கடைக்கு வந்ததும் பூங்காக் கடைக்குப் போன் போட்டாள். "அந்த அரக்குக் கோட்டுல ஒரு கறை போக மாட்டேங்குது. சொந்தக்காரங்க நேர்ல வந்து என்ன கறைன்னு சொன்னாத்தான் மருந்து போட முடியும். இங்கயே வரச் சொல்லுங்க." கோட்டில் கறையும் இல்லை, ஒன்றும் இல்லை. சுத்தமாகி, இஸ்திரி போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஆவி அவளை ஒரு மாதிரி பார்த்தான். "உன் வேலையைப் பாரு," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, மதியம் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் நர்ஸம்மா வந்தாள். உள்ளே வந்ததும் கோட்டைப் பார்த்தாள், லாண்ட்ரியம்மாவைப் பார்த்தாள். பிடிபட்டவர்கள் எல்லாம் முதலில் கோபப்படுவார்கள் என்பதுதான் லாண்ட்ரியம்மாவின் அனுபவம். இவள் கோபப்படவில்லை. சோர்ந்து போனவள் மாதிரி, துணி போடும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க மெஷினுக்கு வரும்னு தெரியாமப் போச்சு," என்றாள்.

"தெரிஞ்சிருந்தா இன்னும் தூரமாக் குடுத்திருப்பீங்க."

"ஆமா."

"என்னிக்குக் கிளம்பறீங்க?"

"வர்ற வியாழக்கிழமை."

"அக்கா வீட்டுக்கு."

நர்ஸம்மா முன்பக்கம் நின்றிருந்த ஆவியைப் பார்த்தாள். லாண்ட்ரியம்மா அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வரிசை வரிசையாகத் தொங்கும் சட்டைகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் இரண்டு முக்காலிகள் கிடந்தன. உட்கார்ந்தார்கள்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டாள் லாண்ட்ரியம்மா.

"மூணு மாசம் இருக்க விடுவாங்க."

"அதைக் கேக்கல. உங்க பொண்ணுக்கு எத்தனை மாசம்?"

நர்ஸம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. சிரிப்பதற்குப் போய், அழுகை முந்திக்கொண்ட மாதிரி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படி இருந்திருந்தா உங்ககிட்டதான் முதல்ல ஓடி வந்திருப்பேன் சம்பந்தி. இது மாப்பிள்ளைக்கு."

"அவனுக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனசுக்குத்தான். ஆகஸ்ட் மாசத்துலேருந்து வேலைக்குப் போகல. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கார். குளிக்கறதில்ல, சாப்பிடறதில்ல, சவரம் பண்றதில்ல. டாக்டர்கிட்ட காட்டி மருந்து குடுத்திருக்காங்க. மருந்து பிடிக்கறவரைக்கும் தனியா விடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. இவ வேலையையும் விட்டுட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க? அதான் நான் போறேன். வார்டுல நான் பண்ணிக்கிட்டிருந்த வேலைதானே."

லாண்ட்ரியம்மாவின் பழகின வாய், அது பாட்டுக்கு வேறு பாதையில் போயிற்று. "உங்க பொண்ணு அவனை என்ன பண்ணினா?"

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே உறைத்தது. நர்ஸம்மா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எம்பொண்ணு ரெண்டு மாசமா பாத்ரூம் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் குளிக்கறா சம்பந்தி. அவர் எழுந்து வெளியில போனா காதுல விழணும்னு."

முன்பக்கம் ஆவியின் இஸ்திரிப் பெட்டி ஒருமுறை பெருமூச்சு விட்டது. லாண்ட்ரியம்மா பக்கத்தில் தொங்கிய யாருடைய சட்டையையோ கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர்தான் வேண்டாம்னார். என்கிட்ட சத்தியம் வாங்கினார்."

"ஏன்?"

"வேண்டாம், விடுங்க."

"சொல்லுங்க. என்ன சொன்னான்?"

நர்ஸம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா, கறையைக் கேக்கற மாதிரி கேப்பாங்க, எப்ப, எதனால, யாரால, அப்பறம் என்ன பண்ணினேன்னு. எனக்கே தெரியாத கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல என்கிட்ட தெம்பு இல்லன்னார். ஜூன் மாசத்துக்குள்ள எழுந்து நின்னுடுவேன், அப்ப வரட்டும்னார்."

"ரெண்டு வாரம்?"

"ரெண்டு வாரம்னா சமாளிச்சுடலாம்னு நினைச்சார். நல்லா இருக்கற மாதிரி இருந்து காட்டறதுக்கு அவ்வளவுதான் முடியும்னு."

கோட்டை லாண்ட்ரியம்மாவே எடுத்து மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். வாசல் வரைக்கும் போனாள். போகும்போது நர்ஸம்மா, "உங்ககிட்ட சொல்லிட்டேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்," என்றாள். இவள் தலையாட்டினாள்.

தலையாட்டியது ஆட்டியதுதான், நர்ஸம்மாவின் பின்னால் கதவு மூடுவதற்குள் சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. இதெல்லாம் நிஜமா? பெண்ணின் தப்பை மறைக்கப் புருஷனின் மேல் பழியைப் போடுகிறார்களா? ஆகஸ்ட்டில் என்ன நடந்தது? அந்த டாக்டர் எப்படிப்பட்டவர்? வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் சோபாவில் எழுந்து உட்கார்ந்தார். "அவன் குரல் சரியில்லன்னு எனக்குத் தோணிச்சு," என்றார். "உன்கிட்ட சொன்னா நீ ஆரம்பிச்சுடுவியேன்னு விட்டுட்டேன்."

அவரும்கூட.

மறுநாள் காலையில் கடையைத் திறந்த கையோடு மகனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்க நேரமாயிற்று. "என்னம்மா," என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. ஏன் எதற்கு என்று நாற்பது கேள்வி அவள் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. ஒன்றையும் வெளியே விடவில்லை. பதிலாக, ஒரு பெரியவர் கோட்டுப் பையில் தன் பல்செட்டை மறந்து வைத்து வெளுக்கப் போட்ட கதையைச் சொன்னாள். பல்லில்லாத வாயோடு கடைக்கு வந்து அவர் பல்லைக் கேட்டதும், அவர் என்ன கேட்கிறார் என்று புரியாமல் ஆவி அவருக்கு ஒரு பில்லைக் கொடுத்ததும், அவர் அந்தப் பில்லையும் பத்திரமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டதும்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சிரிப்பா, இல்லையா, தெரியவில்லை.

"அப்பறம்?" என்றான்.

"அப்பறம் ஒண்ணும் இல்ல. பல்லைக் குடுத்து அனுப்பினோம். அவ்வளவுதான், வெக்கட்டுமா?"

"ஏம்மா, ஒண்ணுமே கேக்கலையே?"

"என்ன கேக்கணும்?"

"எப்பவும் கேப்பியே."

"இன்னிக்குக் கேக்கல."

உடனே அவனிடமிருந்து கேள்விகள் வந்தன. "உனக்கு உடம்பு சரியில்லையா? அப்பா நல்லா இருக்காரா? டாக்டர்கிட்ட போனீங்களா? எப்ப போனீங்க? என்ன சொன்னாரு?" சந்தேகத்தில் அவன் தன் வயிற்றில் பிறந்தவன்தான் என்பது அவளுக்கு அந்தத் துக்கத்திலும் உறைத்தது.

"எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கோம்."

"அத்தை ஏதாவது சொன்னாங்களா?"

"எந்த அத்தை?"

ஊரார் பொய்யையெல்லாம் நாலாவது கேள்வியில் பிடித்தவளுக்குத் தன் பொய்யைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் நம்பினானா என்பது அவளுக்கு விளங்கவேயில்லை. "ஜூன்ல வர்றேன். ரெண்டு வாரம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வியாழக்கிழமை நர்ஸம்மா போனாள். அதன்பிறகு வந்த வாரங்களை லாண்ட்ரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கடத்தினாள். ஞாயிறுதோறும் மகனிடம் கதை மட்டும் சொன்னாள். கேட்காமல் விட்ட கேள்விகளையெல்லாம் கணவரிடம் கேட்டாள். "சாப்பிட்டிருப்பானா? மருந்து ஒழுங்கா போடறானா?" என்றால், "நான் என்ன பின்லாந்தா, என்கிட்ட கேக்கற?" என்பார். ஆனாலும் உட்கார்ந்து அவள் கேட்டு முடிக்கும்வரை கேட்பார்.

நர்ஸம்மாவிடமிருந்து அவ்வப்போது ஒரு வரி, இரண்டு வரி வரும். இன்றைக்குச் சவரம் பண்ணிவிட்டேன். இன்றைக்குக் குப்பைத்தொட்டி வரை நடந்தோம். இன்றைக்குச் சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றப் பார்த்தார். லாண்ட்ரியம்மா அதைப் படித்துச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒருமுறை சந்தேகப்படுவாள்; நிஜமாகவா, எனக்காக எழுதுகிறாளா என்று. அப்புறம் வயிற்றெரிச்சல் வரும். தன் பிள்ளையின் மோவாயைப் பிடித்துச் சவரம் பண்ணிவிட வேறொருத்தி. அதைக் கணவரிடம்கூடச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் மகனின் முகம் வந்தது. இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முடியை யாரோ வீட்டிலேயே வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஏறியிருந்தது. அவள் தன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அத்தை அடுத்த வாரம் கிளம்பறாங்கம்மா. அதுக்கு மேல இருக்க விட மாட்டாங்க." நர்ஸம்மா அங்கே இருப்பது அம்மாவுக்குத் தெரியும் என்பதை அவன் எப்போதோ ஊகித்திருக்க வேண்டும். "நீ வர்றியா?"

"ஜூன்லதானே?"

"இல்ல, இப்ப. மார்ச்ல. இங்க மார்ச் ரொம்ப மோசம். பனியாவும் இருக்காது, தரையாவும் இருக்காது. எல்லாம் சேறும் சகதியுமா இருக்கும். ஊர் பார்க்க வர்றவங்க யாரும் மார்ச்ல வர மாட்டாங்க."

"நான் ஊர் பார்க்கவா வர்றேன்?"

"அதான்மா."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு மாசத்துக்கு டிக்கெட் போடறேன்."

ஏன் ஒரு மாதம் என்ற கேள்வியை அவள் அப்படியே விழுங்கினாள். போனை வைத்ததும் நர்ஸம்மாவைத் தனியாகப் போனில் பிடித்தாள். "நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் சொல்லல சம்பந்தி. முன்ன நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தார். இப்ப எது சொன்னாலும் எதிர்த்துப் பேசறார். எனக்கு அது நல்லாத்தான் படுது."

ஜூனுக்கென்று முன்பே தொடங்கி வைத்திருந்த விசா வேலையைக் கணவர் அலைந்து திரிந்து முடித்துக் கொடுத்தார். விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டு, கண்ணாடி வழியாக விமானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "திருப்பத்துக்கு இடம் நிறைய விட்டிருக்கான்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பின்லாந்து அவன் சொன்னபடியே இருந்தது. தெருவெல்லாம் அழுக்குப் பனி. வானம் துவைக்காத விரிப்பு மாதிரி. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஹாலில் அவளுக்கு ஒரு சோபா. மகன் பாதி நாள் எழுந்து நடமாடினான், பாதி நாள் படுத்தான். அவள் சமைத்தாள், துணி துவைத்தாள், ஜன்னல் திரையைக் கழற்றி இஸ்திரி போட்டு மாட்டினாள். கேள்வி முட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் எழுந்துபோய் எதையாவது மடித்தாள். அந்த வீட்டில் ஒரு துண்டுகூட மடிக்காமல் கிடந்ததில்லை.

அவள் வந்த மறுநாள் மருமகள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கண் சிவந்து வெளியே வந்தவளை உட்காரவைத்து லாண்ட்ரியம்மா தலையைத் துவட்டிவிட்டாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. "அத்தை, நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள் மருமகள். "சொல்லியிருந்தா நான் உன்னைத்தான் குறை சொல்லியிருப்பேன். சொல்லாததும் நல்லதுதான்," என்றாள் மாமியார். அது நிஜம்தான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை. மகன் தானாக எழுந்து வந்து, சமையல் மேஜையருகில் உட்கார்ந்து காப்பி கேட்டான். முதல்முறையாகச் சூரியன் மாதிரி ஏதோ ஒன்று எதிர் வீட்டுக் கூரையில் பட்டிருந்தது. அவன் கோப்பையைச் சுற்றிக்கொண்டே, "உனக்கு டிக்கெட் என்னிக்கும்மா?" என்றான்.

அவள் கை நின்றது. சலித்துவிட்டதா? நான் இருப்பது பாரமாக இருக்கிறதா? மருமகள் கேட்கச் சொன்னாளா, இவனாகக் கேட்கிறானா? தடுப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "ஏன் கேக்கற?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தமாகவே சிரித்துவிட்டான். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த மருமகள், சீப்பும் கையுமாக வந்து கதவோரம் நின்றாள்.

"மூணு வாரம் எப்படிம்மா தாங்கின?" என்றான். "வயிறு வெடிச்சுடலையா?"

"வெடிக்கத்தான் பார்த்தது."

"தள்ளிப்போட முடியுமான்னு பார்க்கத்தான் கேட்டேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல," என்றான் மகன். காப்பியை ஒரு வாய் குடித்தான். "எப்பவாவது நானே சொல்றேன். அதுவரைக்கும் இரு."

அவள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் சீப்போடு தலையாட்டினாள். கடையை ஆவி என்ன பண்ணி வைத்திருக்கிறானோ, கணவர் என்ன சாப்பிடுகிறாரோ என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்ட மனசை அடக்கிவிட்டு, லாண்ட்ரியம்மா அவனுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.